எறும்பு வராத காது

எங்கள் ஈச்சங்காட்டுப்பாளையத்தில் எறும்பு முதன்முதலில் ஏறியது மருதமுத்துவின் காதுக்குள். ஆடி மாதம், வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. பஸ் நிறுத்தத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று வருடத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்தில் தனக்கு மட்டும் மாலை போடாமல் விட்டதை அவன் நினைத்துக்கொண்டிருந்தான். தினமும் அந்த நேரத்துக்கு அந்தப் பெஞ்சில் அதை நினைப்பது அவன் வழக்கம். வேப்பமரத்து வேரிலிருந்து புறப்பட்ட சித்தெறும்பு வரிசை ஒன்று பெஞ்சின் காலில் ஏறி, வேட்டியில் ஏறி, சட்டைப் பித்தான்களை ஒவ்வொன்றாகத் தாண்டி, கழுத்து வியர்வையில் நனையாமல் சுற்றுவழி போய், இடது காதுக்குள் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் வலது காது வழியாக வெளியே வந்தது. வரும்போது ஒவ்வொன்றின் வாயிலும் நொய்யரிசி மாதிரி வெள்ளையாக ஒன்று இருந்தது.

"யோவ், காதுல எறும்புய்யா" என்றேன்.

"தெரியுதுங்கண்ணா. கடிக்கல. விடுங்க, சொகமா இருக்குது" என்றான்.

அடுத்த வாரத்துக்குள் பாதி ஊருக்கு வந்துவிட்டது. ரேஷன் கடை வரிசையில் நின்றவளுக்கு வந்தது, முடிவெட்டக் கழுத்தை நீட்டியவனுக்கு வந்தது, பால் சொசைட்டியில் கேனைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து தங்கச்சி பேசாமல் போனதை நினைத்தவனுக்கு வந்தது. யாருக்கும் கடிக்கவில்லை, வலிக்கவில்லை. ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். அழுதவனுக்கு எறும்பு வரவில்லை. அழுததை உட்கார்ந்து நினைத்தவனுக்கு வந்தது. கத்திச் சண்டை போட்டவனுக்கு வரவில்லை. சண்டை முடிந்து வீட்டுக்குப் போய், அவன் என்ன சொன்னான், நான் என்ன சொன்னேன், என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கொதிக்க வைத்துக்கொண்டிருந்தவனுக்கு வந்தது.

நான் வெல்ல ஆலைக்காரன். ஐம்பது வருடம் கொப்பரை முன்னால் நின்றவன். கொதிக்கக் கொதிக்கத்தான் இனிப்பு கெட்டிப்படும் என்பது எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆலையில் நடந்ததுதான் வேடிக்கை. வெல்லத்தை எறும்பு விட்டுவிட்டது. அச்சுப் பலகையில், மூட்டையில், தரையில் சிந்திய பாகில், எங்கேயும் ஒரு எறும்பு கிடையாது. சந்தைக்குக் கொண்டுபோனால் வியாபாரிகள் ஓர் உருண்டையை மண்ணில் போட்டுக் காத்திருந்து பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. "எறும்பு தொடாத வெல்லத்த மனுசன் திங்கறதா? என்னத்தய்யா கலந்தீங்க?" என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் ஊர் எறும்புக்கு வேறு இடத்தில் சாப்பாடு என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

ஐப்பசியில் கோயமுத்தூரிலிருந்து வேன் வந்தது. மூளையைப் படித்த டாக்டரம்மா ஒருத்தி, கண்ணாடி போட்டவள், பள்ளிக்கூட வராந்தாவில் மெஷினை வைத்து எல்லார் தலையிலும் ஒயர் வைத்த குல்லாயை மாட்டிப் பார்த்தாள். நான்கு நாள் பார்த்துவிட்டு ஊரைக் கூட்டி உட்கார வைத்துச் சொன்னாள்: "கோவமோ துக்கமோ வந்தா மூளைக்குள்ள ஆழத்துல ஒரு எடம் முழிச்சுக்குது. அதைப் பத்தி நீங்க நெனைக்கும்போது நெத்திக்குப் பின்னால வேற எடம் வேலை செய்யுது. இது கோவம், இது பயம்னு நேராப் பேர் சொல்லிட்டா, உள்ள முழிச்சது பல பேருக்குக் கொஞ்சம் அடங்குது. பேர் சொல்லாம அதையே திருப்பித் திருப்பி ஓட்டிட்டிருந்தா அடங்க மாட்டேங்குது, மறுபடி மறுபடி கெளம்புது. உங்க ஊர்ல எறும்பு வர்றது அப்பதான்."

"எறும்பு எதுக்குங்கம்மா வருது?" என்று மருதமுத்து கேட்டான்.

"எறும்பு எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்க" என்றாள். வேன் ஏறிப் போய்விட்டாள்.

நல்ல பெண். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். ஆனால் சொன்னது எங்கள் ஆட்களிடம். வேன் கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் பிரசிடெண்ட் அவிநாசி மைக்கைப் பிடித்துவிட்டான். "கேட்டுக்கோங்க. மெஷின்லயே தெரிஞ்சுபோச்சு. எறும்பு வர்றவனுக்கு மனசு வேலை செய்யுது. வராதவனுக்கு மனசு இல்ல. அவ்வளவுதான்."

கை தட்டினார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

அதன் பிறகு எங்கள் ஊர் எப்படி நடந்தது என்பதைச் சொல்லவே வாய் கூசுகிறது. பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி தட்டுக்கு முன்னால் பெண்ணை ஜன்னலோரம் உட்கார வைத்து, "ஆத்தாளை உட்டுட்டுப் போறத நெனச்சுக்க அம்மிணி" என்று சொல்லி, இரண்டாவது காப்பி ஆறுவதற்குள் எறும்பு வருகிறதா என்று இரண்டு வீட்டுக்காரர்களும் அவள் கழுத்தையே குனிந்து பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை 'என் சோகம்' என்று கட்டுரை எழுதச் சொல்லி, எறும்பு வந்த பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எழவு வீட்டில் மூத்த மகனுக்கு எறும்பு வரும்வரை பாடையைத் தூக்கக் கூடாது என்று வைத்தார்கள். வைகாசி வெயிலில் ஒரு கிழவி ஐந்து மணி நேரம் வாசலில் கிடந்து, வந்தவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவள் மகனின் காதை வெறித்துக்கொண்டு நின்றார்கள். அவன் ஆத்தாளுக்குப் பீ மூத்திரம் அள்ளியவன், இரண்டு வருடம் ஒரு நாள் விடாமல். அவனுக்கு எறும்பு வரவில்லை. கடைசியில் காதுமடலில் பாகைத் தடவிக்கொண்டான். பாகுக்கு வந்தது கட்டெறும்பு, கடித்துக் காது வடை மாதிரி வீங்கிப்போனது. அவனை ஊரே காறித் துப்பியது.

இன்னொன்று. கோபமாக இருப்பவனிடம் போய், "ஏண்டா, கோவமா?" என்று கேட்டு, அவன் யோசிக்காமல் "ஆமா, கோவம்" என்று சொல்லிவிட்டால் எறும்பு திரும்பி இறங்கிப் போய்விடும். இதை ஊர் சீக்கிரமே கண்டுபிடித்தது. அதனால் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்றானது, பிறகு குற்றம் என்றே ஆனது. யாரும் யாரையும் என்ன ஏது என்று கேட்பதில்லை. புருசனும் பெண்டாட்டியும் சண்டை போடுவதில்லை. ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து, போடாத சண்டையை உள்ளுக்குள்ளே ஓட்டிக்கொண்டு, காதில் எறும்பு போகவர உட்கார்ந்திருந்தார்கள். கரும்பு வெட்ட ஆளில்லாமல் காடு முழுக்கப் பூத்துப்போனது. மாடுகள் மடி கனத்துக் கத்தின. பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடிப் புற்று முழங்கால் உயரம் வளர்ந்து, இடுப்பு உயரம் வளர்ந்து, அதற்கு மஞ்சள் துணி சுற்றினார்கள். எறும்பை நசுக்கினால் ஒரு புளிப்பு வாடை வருமே, அது ஊர் முழுக்க வந்தது. சோற்றில் வந்தது, தலையணையில் வந்தது, பிள்ளைகளைத் தூக்கி முகர்ந்தால் வந்தது. எனக்குக் குமட்டியது. மற்றவர்கள் அதை நல்ல வாசனை என்றார்கள்.

அந்த வைகாசிக்கு அடுத்து வந்த மாசி மாதம் என் மகன் பூபதி செத்தான்.

வாய்க்கால் கரையில் வண்டியில் வந்தவன், மதகுக்குப் பக்கத்தில் சறுக்கி, வண்டியோடு தண்ணீரில் விழுந்தான். முப்பத்துநாலு வயது. ஆலைக்கு ஆள் ஓடிவந்து சொன்னபோது நானும் மருமகள் சம்பூர்ணமும் அங்கேதான் இருந்தோம். நான் கொப்பரை முன்னால், அவள் அரைவை மெஷின் பக்கம், கரும்பு கொடுத்துக்கொண்டு. அவள் கையிலிருந்த கரும்பைப் போட்டுவிட்டு ஓடினாள். தண்ணீரில் குதித்து, முங்கி, தலைமுடியைப் பிடித்து அவனைக் கரைக்கு இழுத்தது அவள்தான். இழுக்கும்போதே மூச்சு இல்லை என்றார்கள். நான் பிறகு வந்தேன். எவ்வளவு பிறகு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழவு வீட்டில் எனக்கு எறும்பு வந்தது. அதுவரை எனக்கு வந்ததே இல்லை. அன்றைக்கு வந்த மாதிரி இந்த ஊரில் யாருக்கும் வந்ததில்லை. இரண்டு காதுக்கும் மூன்று மூன்று வரிசை. பாடையைத் தூக்க ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு என் காதைக் காட்டி அழுதார்கள். காரியம் முடிந்து பதினாறு கழிந்த பிறகும் நிற்கவில்லை. கோயிலில் எனக்கு முதல் திருநீறு. முடிவெட்டுகிறவன் வரிசையைக் கலைக்காமல் சுற்றி வெட்டினான். பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினார்கள்: "பாத்துக்க. அப்பன்னா இப்படி இருக்கோணும்."

எனக்குப் பிடித்திருந்தது. ஐம்பது வருடம் புகையில் வெந்த மனுசனை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் அந்த நாளை எடுத்து வைத்துக்கொள்வேன், கிண்டுவேன், கிண்டக் கிண்டப் பதம் வரும், வரிசை ஏறும். வாடை குமட்டும்தான். குமட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

சம்பூர்ணத்துக்கு ஒரு எறும்பும் வரவில்லை.

அவள் காதைத்தான் ஊர் முதலில் பார்த்தது. எழவன்று பார்த்தார்கள், மூன்றாம் நாள் பார்த்தார்கள், பதினாறாம் நாள் கிட்டத்தில் வந்து தோட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தார்கள். சுத்தம். நாலு பேர் கூடினால் அதே பேச்சு. "கட்டிக்கிட்டவன் வாய்க்கால்ல போயிருக்கான், இவ மாட்டுக்குத் தவிடு கலக்கறா." "காது கழுவி வெச்சாப்பல இருக்குதுடி." "கல்லுக்குக்கூட மழைக்காலத்துல பாசி புடிக்கும்."

ஒரு நாள் மத்தியானம் கட்டுத்தறிப் பக்கம் போனேன். அவள் எருமையிடம் பால் கறந்துகொண்டிருந்தாள். நான் நிற்பது தெரியாது. கறந்துகொண்டே எருமையின் வயிற்றில் நெற்றியை முட்டி, "துக்கமா இருக்குதுடி. ஒரே துக்கமா இருக்குது" என்றாள். தண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. தோள் குலுங்கியது. பால் சொம்புக்குள் நேராகத்தான் விழுந்தது. அவள் முதுகில் ஓர் எறும்பு ஏறுவதைப் பார்த்தேன். ஒற்றை எறும்பு, கழுத்துவரை போய், மீசையை அப்படி இப்படி ஆட்டிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காத கடைக்கு வந்தவன் மாதிரித் திரும்பி இறங்கியது. அவள் முந்தானையில் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து சொம்பைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் வரிசைக்கு என்ன மரியாதை?

பங்குனி பிறந்ததும் என் மகள் ருக்குமணி வந்தாள். பூபதிக்கு இளையவள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தது, பன்னிரண்டு வருடமாகப் பிள்ளை இல்லை. பூபதிக்கும் சம்பூர்ணத்துக்கும் ஒரே பிள்ளை, தாரணி, இரண்டாம் வகுப்பு. அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தாள்.

"அப்பா, என் காதைப் பாருங்க. அண்ணன் போனதுல இருந்து ஒரு நாள் நின்னதில்ல. அவ காதையும் பாருங்க. மனசில்லாதவகிட்டப் பொட்டப்புள்ள வளரலாமுங்களா?"

"புள்ளையோட ஆத்தா அவ."

"பெத்துட்டா ஆத்தாளா? பிரசிடெண்ட்டுகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு மரத்தடியில கூடறாங்க. நீங்க எதுவும் பேச வேண்டாமுங்கப்பா. வந்து உக்காந்தாப் போதும். உங்க காதே பேசும்."

சம்பூர்ணம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வரவில்லை. உரல் சத்தம் மட்டும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது.

மறுநாள் இரண்டு மணிக்கு வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. புற்றுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. என்னைப் பெஞ்சில், மருதமுத்துவுக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் என் காது தெரிகிற மாதிரி உட்கார வைத்தார்கள். அவிநாசி தொண்டையைச் செருமினான்.

"இங்க பாரு அம்மிணி. ஊர் யாருக்கும் அநியாயம் பண்ணாது. நீ இந்த முக்காலில உக்காரு. பூபதிய நெனை. நாலாம் நம்பர் டவுன் பஸ் வர்றதுக்குள்ள ஒரே ஒரு எறும்பு உன் காதுல ஏறிட்டாப் போதும், புள்ளை உன்னுது. ஏறலைன்னா ருக்குமணி கூட்டிட்டுப் போவா. ஒண்ணே ஒண்ணு, வாயத் தொறக்கப்படாது."

"நெனைக்கறதுக்கு என்னங்க இருக்குது? அவரு செத்துப்போயிட்டாரு" என்றாள் சம்பூர்ணம்.

கூட்டம் உச்சுக் கொட்டியது. "பாத்தியா, பாத்தியா" என்றது ஒரு குரல். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

நாலாம் நம்பர் மூன்றரைக்கு வரும். ஒன்றரை மணி நேரம் நூறு பேர் ஒருத்தியின் காதை இமைக்காமல் பார்த்தார்கள். மாடு முட்டுவதை, கோழி சண்டையை, கூத்தைப் பார்க்கிற கூட்டத்தையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் ஏதாவது ஒன்று இருக்கும். இவர்கள் முகத்தில் நாக்கு மட்டும்தான் இருந்தது. சிலர் சப்புக்கொட்டினார்கள். அவரவர் காதில் எறும்பு வேறு போய்க்கொண்டிருந்தது. யாரும் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. வெயில் ஏற ஏறப் புளிப்பு வாடை ஏறியது.

மூன்றேகாலுக்குப் புற்றிலிருந்து ஒன்று கிளம்பியது. ஒரே ஒரு சித்தெறும்பு. அவள் பாதத்தில் ஏறியது, சேலை மடிப்பில் காணாமல் போனது, இடுப்பில் தெரிந்தது. கூட்டம் எழுந்து நின்றது. முதுகில் ஏறியது, கழுத்துக்கு வந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும், உடம்பு அப்படி விறைத்திருந்தது. இன்னும் நாலு விரல் தூரம். அவள் வாயை மூடிக்கொண்டு, உள்ளே இருப்பதை இன்னும் ஒரு சுற்றுக் கிண்டினால் போதும், பிள்ளை அவளுக்கு. எனக்கே பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது. பேசாதே அம்மிணி, பேசாதே.

"பயமா இருக்குது" என்றாள் சம்பூர்ணம். சத்தமாக, யாரையும் பார்க்காமல். "எம்புள்ளையக் குடுத்துருவீங்களோன்னு பயமா இருக்குது."

எறும்பு நின்றது. மீசையை ஆட்டியது. திரும்பி இறங்கிப் போயே போய்விட்டது.

ருக்குமணி பெருமூச்சு விட்டாள். அவிநாசி, "நாங்க என்ன பண்றது? நீயே கெடுத்துக்கிட்டே" என்றான். வாய்க்கால் திருப்பத்தில் பஸ் ஆரன் கேட்டது.

நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று கேட்டால் தெரியாது. என் காதில் ஆறு வரிசையும் சுகமாகப் போய்க்கொண்டிருந்தன. அவளுடைய கழுத்தில் எறும்பு போட்டுப் போன தடம்கூட இல்லை. என் மேல் எனக்கே வந்த குமட்டலில் வாய் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

"ஒரு நிமிசம்" என்றேன். "அன்னிக்கு ஆள் வந்து சொன்னப்போ கொப்பரை பதத்துல இருந்துச்சு."

"உக்காருங்க பெரியப்பா, நீங்க பேச வேண்டியதில்ல. உங்க மனசு ஊருக்கே தெரியும்" என்றான் அவிநாசி.

"நீ மூடு. பாகு நூல் பதத்துல இருந்துச்சு. அப்ப எறக்கி ஊத்தலைன்னாக் கருகிப்போகும். பையன் தண்ணில விழுந்துட்டான்னு சொல்றான். இவ ஓடிட்டா. நான் ஓடல. கொப்பரைய எறக்குனேன். அச்சுல ஊத்துனேன். பலகைய ரெண்டு தட்டுத் தட்டி மட்டம் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்."

அவிநாசி உட்காரச் சொல்லிக் கை காட்டினான். நான் உட்காரவில்லை.

"ஒவ்வொரு நாளும் இதைத்தான் நெனைக்கறேன். பையன நெனைக்கல. ஊத்துனதையும் நெனைக்கல. ஊத்திட்டு வந்த இந்தக் கெழவன் எவ்வளவு பாவம்னு நெனைக்கறேன். அதுக்குத்தான் இத்தனை எறும்பு." அதன் பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. அது வெளியே வர நேரமானது. "வெக்கமா இருக்குது" என்றேன்.

காதுக்குள் என்னமோ நின்றுபோனது. அரைவை மெஷின் நின்ற மாதிரி. ஆறு வரிசையும் ஒரு கணம் அசையாமல் இருந்து, பிறகு கடுகு கொட்டுவது போல என் தோளிலிருந்தும் சட்டையிலிருந்தும் பெஞ்சில் கொட்டின, வாயிலிருந்ததைப் போட்டுவிட்டுப் புற்றை நோக்கி ஓடின. என் காலடியில் வெள்ளை நொய் ஒரு கைப்பிடி கிடந்தது. மருதமுத்து குனிந்து, துண்டு நுனியில் அதை அள்ளிக்கொண்டான். "பெரிய மனுசனோடது, வீணாப் போகக் கூடாது" என்று முணுமுணுத்தான். ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டதையும் பார்த்தேன். எனக்கு வாந்தி வந்தது. மரத்துக்குப் பின்னால் போய் எடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குள் ஊர் பேசி முடித்திருந்தது. நான் செய்ததைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். கல்லால் அடித்திருக்கலாம். அவர்களுக்கு அதுவல்ல விஷயம். அவிநாசி என் இரண்டு காதையும் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

"புள்ளைக்குப் பாத்தியதை அப்பன் வழி. அப்பன் வழின்னா இவரு. இவருக்கே இப்ப எறும்பில்ல. வேரே இல்லாதப்போ கெளை எங்கிருந்து கேக்கும், ருக்குமணி? மனசில்லாத குடும்பத்துல புள்ளை யாருகிட்ட இருந்தா என்ன? இருக்கற எடத்துலயே இருக்கட்டும். நல்லது கெட்டதுக்கு இந்த வீட்டைக் கூப்பிட வேண்டாம். அவ்வளவுதான்."

"ஏனுங்கப்பா, இப்பப் போயி வாயத் தொறந்தீங்க?" என்று ருக்குமணி அழுதாள். வந்த பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்தாள். பஸ் நகரும்போது ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. அதற்குள் நினைக்கத் தொடங்கிவிட்டாள், கழுத்தில் வரிசை ஏறியிருந்தது.

வீட்டுக்கு நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். பள்ளிக்கூடம் விட்டுத் தாரணி பையை இழுத்துக்கொண்டு எதிரே ஓடி வந்தாள். ஆத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு, தாத்தனான என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பாரு, உங்க எறும்பெல்லாம் எங்க?"

"போயிருச்சு."

"நல்லதாப் போச்சு. நாறும்" என்றாள்.

வீட்டில் சம்பூர்ணம் கை கால் கழுவினாள், பிள்ளைக்குத் தின்னக் கொடுத்தாள், எனக்குத் தட்டு வைத்தாள். மத்தியானம் யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் உட்கார்ந்தேன்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியுமுங்க" என்றாள். "வாய்க்கால்ல இருந்து பாத்தா ஆலை ஆவி தெரியுமுங்க மாமா. கொப்பரைய எறக்குனா நின்னுபோகும். அவரு தலைய மடியில போட்டுட்டுப் பாத்தேன். ஆவி நின்னுச்சு. அதுக்கப்பறம் ரொம்ப நேரங்கழிச்சுத்தான் நீங்க வந்தீங்க."

ஒரு மாதம் இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காதைத் தள்ளித் தள்ளி ஊர் பார்த்தபோதும் சொல்லவில்லை.

இந்த ஊரில் கேட்கக் கூடாத கேள்வியை நான் கேட்டேன். "கோவமா, அம்மிணி?"

அவள் சோற்றுக் கரண்டியோடு நின்று கொஞ்சம் யோசித்தாள். நான் அவள் காதைப் பார்த்தேன். பழக்க தோஷம். நிலைப்படியில் எறும்பு ஒன்று நின்றது, உள்ளே வருவதா வேண்டாமா என்று.

"கோவமில்லீங்க மாமா" என்றாள். "அருவருப்பு."

எறும்பு திரும்பிப் போய்விட்டது. அவள் சோற்றைப் போட்டாள்.

"கொழம்பு ஊத்தட்டுங்களா?"

"ஊத்து" என்றேன்.